மருத்துவச் சேவைத் தளம் சிலருக்கு ஏன் திறக்கவில்லை: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

"உங்கள் தளத்தில் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை." மாற்றுத்திறனாளிகளிடமிருந்து வரும் புகார் பெரும்பாலும் இந்த ஒரு வரியோடு முடிந்துவிடும். நிரலர் தன் கணினியில் அதே பக்கத்தைத் திறப்பார், மவுஸால் நாலு இடத்தில் கிளிக் செய்வார், எல்லாம் ஓடும். "இங்கே சரியாகத்தான் இருக்கிறது" என்று புகார் மூடப்படும். பிழை அப்படியே இருக்கும்.

வேறு தளமென்றால் எரிச்சலோடு போய்விடலாம். பொதுச் சுகாதாரச் சேவையில் அப்படி விட முடியாது. படிவத்தைத் தானே நிரப்ப முடியாதவர் இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். கர்ப்பப் பரிசோதனை முடிவு, மனநல ஆலோசனைக்கான முன்பதிவு, பால்வினை நோய்ச் சோதனை, வீட்டு வன்முறையில் பட்ட காயம் என்று எதை யாரிடம் சொல்வது என முடிவு செய்யும் உரிமை அந்த இடத்தில் அவர் கையைவிட்டுப் போகிறது. சில வேளை, கூப்பிடக்கூடிய ஒரே ஆள் அந்தக் காயத்துக்குக் காரணமானவராகவே இருப்பார். உலக மக்களில் சுமார் 16 சதவீதம், ஏறத்தாழ 130 கோடிப் பேர், குறிப்பிடத்தக்க குறைபாட்டோடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐநா 2006-ல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, 9-ஆம் பிரிவில் அணுகல்தன்மையையும் 25-ஆம் பிரிவில் உடல்நலத்தையும் உரிமையாகப் பேசுகிறது. அதனால் இந்த வழிமுறையில் "யாரையாவது உதவிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்பதை எந்தப் பிழைக்கும் தீர்வாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

எதையும் திருத்துவதற்கு முன்

புகார் கொடுத்தவர் பட்ட பாட்டை உங்கள் மேசையில் ஒரு முறை வரவழையுங்கள். அவரிடம் கேட்க வேண்டியவை: எந்தக் கருவி, எந்த உதவி மென்பொருள், எந்தப் பக்கம், என்ன செய்ய முயன்றார், எந்த இடத்தில் நின்றது. என்ன குறைபாடு என்று கேட்கத் தேவையில்லை. அது அவருடைய சொந்த விஷயம், பிழையைக் கண்டுபிடிக்க உதவுவதும் குறைவு.

பிறகு மவுஸை எடுத்து ஓரமாக வையுங்கள். விண்டோஸில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை, அதாவது திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளை, நிறுவுங்கள், இலவசம். அதன் கருவிகள் பட்டியலில் பேச்சைத் திரையில் எழுதிக்காட்டும் ஒரு சாளரம் இருக்கிறது. காதால் கேட்டுப் பழக்கமில்லாத நிரலருக்கு அது பெரிய உதவி. ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் ஆகிய ஸ்கிரீன் ரீடர்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பவை. உலாவியின் அகலத்தை 1280 பிக்சலாக வைத்து 400% பெரிதாக்கியும் பாருங்கள். அளவுகோலாக, வலைத்தள அணுகல்தன்மைக்கான பன்னாட்டு நெறிமுறையான டபிள்யூசிஏஜி 2.2-ஐ வைத்துக்கொள்ளலாம். 2023 அக்டோபரில் வெளிவந்தது. அதன் ஏ, ஏஏ, ஏஏஏ என்ற மூன்று நிலைகளில் நடுவிலுள்ள ஏஏ நிலையை இலக்காகக் கொண்டால் போதும்.

"எல்லாவற்றையும் பட்டன், பட்டன் என்றே வாசிக்கிறது"

படக்குறியை மட்டும் வைத்துச் செய்த பட்டன்களுக்குப் பெயர் இல்லாதபோது வரும் புகார் இது. கண்ணுக்குப் பூதக்கண்ணாடி தெரிகிறது. ஸ்கிரீன் ரீடருக்குத் தெரிவது ஒரு வெறும் பட்டன். பட்டனுக்குள் எழுத்தாகவே "தேடு" என்று போடுவதுதான் சிறந்த திருத்தம். வடிவமைப்பாளர் ஒப்பவில்லையென்றால் ஆரியா-லேபிள் (திரையில் தெரியாமல் ஸ்கிரீன் ரீடருக்கு மட்டும் பெயர் சொல்லும் குறிப்பு) கொடுங்கள்.

பெயர் இருந்தும் பயனில்லாத நிலை இன்னொன்று. மருத்துவர்கள் பட்டியலில் 10 பேர், ஒவ்வொருவர் பக்கத்திலும் "நேரம் பெறுக". என்விடிஏ-யில் இன்சர்ட்டும் எஃப்7-ம் சேர்த்து அழுத்தி இணைப்புகளையும் பட்டன்களையும் பட்டியலாகப் பாருங்கள். "நேரம் பெறுக" 10 முறை வரிசையாக நிற்கும். எது தோல் மருத்துவர், எது குழந்தைகள் மருத்துவர்? "நேரம் பெறுக, தோல் மருத்துவம், செவ்வாய் காலை" என்று பெயரை முழுமையாக்குங்கள். திரையில் தெரியும் சொல்லே பெயரின் தொடக்கத்தில் வரட்டும். கையை அசைக்க முடியாமல் குரலால் கணினியை இயக்குபவர், கண்ணில் படுவதைத்தான் வாய்விட்டுச் சொல்வார். உள்ளே வேறு பெயர் இருந்தால் பட்டன் அவருக்குக் கீழ்ப்படியாது.

படங்களுக்கு ஆல்ட், அதாவது படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் விவரிப்பு, எழுதும்போது "படம்1", "மருத்துவமனை புகைப்படம்" என்று நிரப்பாதீர்கள். அலங்காரப் படமென்றால் ஆல்ட்டை வெறுமையாக விடுங்கள். ஸ்கிரீன் ரீடர் அதைத் தாண்டிப் போய்விடும். ஆல்ட்டே இல்லாமல் விடுவது வேறு கதை: அப்போது கோப்பின் பெயரை எண்ணும் எழுத்துமாக ஒப்பிக்கத் தொடங்கலாம்.

"தமிழ்ப் பக்கம் வாசிக்க மாட்டேன் என்கிறது, அல்லது உளறுகிறது"

தமிழில் தளம் நடத்துபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. எனக்குத் தெரிந்தவரை அதிகம் கவனிக்கப்படாத இடமும் இதுதான். ஒரே அறிகுறிக்குப் பின்னால் மூன்று தனித்தனிக் காரணங்கள் இருக்கலாம், பிரித்துப் பார்க்க வேண்டும்.

பக்கத்தில் உள்ள ஒரு தமிழ் வரியை நகலெடுத்து, எழுத்துரு எதுவும் சேர்க்காத எளிய எழுத்துத் திருத்தியில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடு, அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கம். ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குவிந்தால், பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருவில் தட்டச்சிட்டது. அந்த எழுத்துருவின் கண்ணாடி வழியாகப் பார்த்தால்தான் அது தமிழ். ஸ்கிரீன் ரீடருக்கும் தேடுபொறிக்கும் அது குப்பை. எதையுமே நகலெடுக்க முடியவில்லையென்றால் எழுத்து படமாக வைக்கப்பட்டிருக்கிறது.

பழைய குறியாக்கத்தை யூனிகோடுக்கு மாற்றக் கருவிகள் உண்டு. மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து வாசித்துப் பார்க்காமல் வெளியிட வேண்டாம். பழைய எழுத்துருக்களில் "கெ", "கே", "கை" ஆகியவற்றின் கொம்பு, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே மெய்க்கு முன்னால் இருக்கும். யூனிகோடில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும். மாற்றத்தில் இந்த வரிசை பிசகினால் கண்ணுக்கு ஓரளவு சரியாகத் தெரிந்தாலும் காதுக்கு வேறாக விழும். ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் "ள" எழுத்தும் போட்டுவிடுவது இன்னொரு வழக்கமான பிசகு. மருந்தின் பெயரில் இது நேர்ந்தால் விளைவு சின்னதல்ல.

யூனிகோடுதான், ஆனாலும் வாசிக்கவில்லை என்றால் பக்கத்தின் மொழிக் குறிப்பைப் பாருங்கள். எச்டிஎம்எல் தொடக்கத்தில் மொழி ஆங்கிலம் என்று அறிவித்துவிட்டுக் கீழே தமிழை எழுதியிருப்பார்கள். ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்துகளை விழுங்கிவிடலாம், அல்லது ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொல்லலாம். பக்க மொழியைத் தமிழ் என்று அறிவியுங்கள், இடையில் வரும் ஆங்கிலப் பத்திகளுக்கு அந்தந்த இடத்தில் ஆங்கிலம் என்று குறியுங்கள். என்விடிஏ-யோடு வரும் ஈஸ்பீக் என்ஜி என்ற குரல் மென்பொருள் தமிழ் பேசும். மொழிக்குறி சரியாக இருந்தால் குரல் தானாகவே மாறும் அமைப்பும் அதில் உண்டு.

இவையெல்லாம் சரியான பிறகு காதை வைத்துச் சுருக்கக் குறியீடுகளைக் கேளுங்கள். "500 மி.கி." எப்படி ஒலிக்கிறது? "1-0-1" என்று எழுதிய மருந்து வேளை எப்படி ஒலிக்கிறது? "500 மில்லிகிராம், காலை 1, இரவு 1, மதியம் வேண்டாம்" என்று விரித்து எழுதினால் கேட்பவருக்கும் தெளிவு, பார்ப்பவருக்கும் தெளிவு.

"டேப் விசையை அழுத்திக்கொண்டே போகிறேன், எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை"

கை நடுக்கம் உள்ளவர்கள், ஒரு கை மட்டும் இயங்குபவர்கள், வாயில் குச்சி பிடித்துத் தட்டுபவர்கள் ஆகியோரிடமிருந்து வரும் புகார். பார்வையில்லாதவர்களுக்கும் கீபோர்டுதான் வழி.

தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்பில் அவுட்லைன் என்று தேடுங்கள். டேப் நிற்கும் இடத்தைச் சுற்றி உலாவி வரையும் கோடு அது. "அசிங்கமாக இருக்கிறது" என்று யாரோ ஒருவர் அதற்கு none என்ற மதிப்பைக் கொடுத்து அணைத்திருப்பார். அந்த ஒரு வரியை நீக்கினால் பாதிப் பிழை போய்விடும். அதன் இடத்தில் தடித்த, பின்னணியோடு நன்றாக வேறுபடும் கோடு ஒன்றைப் போடுங்கள். தலைப்புப் பட்டை திரையின் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும் தளங்களில், கவனம் (ஃபோகஸ்) நிற்கும் இடம் அதற்கு அடியில் மறைந்துவிடும். அது முழுதாக மறையக் கூடாது என்பது டபிள்யூசிஏஜி 2.2-ல் புதிதாகச் சேர்ந்த விதிகளில் ஒன்று.

டேப் ஓர் இடத்தைத் தாண்டிக் குதித்தால், அது பட்டன் போலத் தோன்றும் டிவ், அதாவது எந்தப் பொருளும் இல்லாத வெறும் எச்டிஎம்எல் பெட்டி. கிளிக் மட்டும் கட்டியிருப்பார்கள். அதற்கு ஆரியா பொறுப்பும் ("இது பட்டன்" என்று ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்லும் குறி) டேப்இண்டெக்ஸும் (டேப் வரிசையில் சேர்க்கும் குறி) என்டர், ஸ்பேஸ் விசைகளுக்கான நிரலும் ஒவ்வொன்றாகச் சேர்ப்பதைவிட உண்மையான பட்டனாகவே எழுதிவிடுங்கள். எச்டிஎம்எல் இலவசமாகத் தருவதைக் கையால் கட்டினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். இந்த வழிமுறையில் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

டேப் தாறுமாறாகத் தாவினால் டேப்இண்டெக்ஸில் 1, 2, 3 என்று எண்கள் இருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எச்டிஎம்எல் வரிசையைச் சரிசெய்யுங்கள். ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியவில்லையென்றால் மிதக்கும் சாளரங்களையும், வேறிடத்திலிருந்து செருகிய வரைபடம், அரட்டைப் பெட்டி போன்றவற்றையும் சந்தேகியுங்கள். சாளரம் திறந்ததும் கவனம் அதற்குள் போக வேண்டும், எஸ்கேப் அழுத்தினால் மூட வேண்டும், மூடியதும் திறந்த பட்டனுக்கே திரும்ப வேண்டும். பக்கத்தின் தொடக்கத்தில் "உள்ளடக்கத்துக்குச் செல்க" என்ற இணைப்பு இல்லாவிட்டால், ஒவ்வொரு பக்கத்திலும் முழு மெனுவையும் தாண்டித்தான் வர வேண்டியிருக்கும். மூட்டுவலியோடு அதைச் செய்பவரை நினைத்துப் பாருங்கள்.

"முன்பதிவுப் படிவம் பாதியில் நின்றுவிடுகிறது"

அதிகம் பேர் கைவிட்டுப் போகும் இடம் படிவம். ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு ஸ்கிரீன் ரீடரோடு முழுப் படிவத்தையும் நிரப்புங்கள். எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பிழை மாறும்.

பெட்டிக்கு வந்ததும் "எழுதுக" என்று மட்டும் சொல்கிறதென்றால் லேபிள் இணைக்கப்படவில்லை. பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் தெரியும் பிளேஸ்ஹோல்டரை லேபிளாக நம்பியிருப்பார்கள். எழுதத் தொடங்கியதும் அது மறைந்துவிடும், நினைவாற்றல் குறைந்தவருக்கு இங்கே என்ன கேட்டார்கள் என்பதே போய்விடும். லேபிள் எப்போதும் பெட்டிக்கு வெளியே, பெட்டியின் அடையாளத்தோடு கட்டப்பட்டு இருக்கட்டும். "ஆம்", "இல்லை" மட்டும் கேட்டு, எதற்கு என்று தெரியவில்லையா? ரேடியோ பட்டன்களை ஃபீல்ட்செட் என்ற குழுவுக்குள் வைத்துக் கேள்வியை அதன் தலைப்பான லெஜண்டாக எழுதவில்லை. "உங்களுக்குப் பென்சிலின் ஒவ்வாமை உண்டா?" என்ற கேள்வி காதில் விழாமல் "இல்லை" என்று பதில் பதிவானால் என்னவாகும் என்று விளக்கத் தேவையில்லை.

தேதியில் நின்றால், படமாக விரியும் நாள்காட்டிதான் காரணமாக இருக்கும். பிறந்த தேதிக்கு நாள்காட்டியே வேண்டாம். 1948-க்குப் போக ஒரு முதியவர் எத்தனை முறை அம்பை அழுத்துவார்? நாள், மாதம், ஆண்டு என்று மூன்று எழுத்துப் பெட்டிகள் போதும். பிரிட்டன் அரசின் வடிவமைப்பு நெறிகளும் பிறந்த தேதி போல நினைவில் இருக்கும் தேதிகளுக்கு இதையே பரிந்துரைக்கின்றன. முன்பதிவுக்கு, கிடைக்கும் நேரங்களை மட்டும் பட்டியலாகக் காட்டுங்கள். காலியில்லாத நாட்களைத் தட்டித் தட்டிப் பார்க்கும் வேலை மிச்சம்.

"சமர்ப்பி" அழுத்தியதும் ஒன்றும் நடக்காதது போலத் தோன்றினால், பிழைச் செய்தி மேலே எங்கோ சிவப்பில் தோன்றியிருக்கிறது, காதுக்கு எட்டவில்லை. பிழைகளின் சுருக்கத்தைப் பக்கத் தொடக்கத்தில் வைத்து, கவனத்தை அங்கே கொண்டுபோங்கள். ஒவ்வொரு பிழையும் அந்தந்தப் பெட்டிக்கு இணைப்பாக இருக்கட்டும். பெட்டியில் பிழை உண்டு என்று சொல்லும் ஆரியா-இன்வேலிட் சேர்த்து, செய்தியை ஆரியா-டிஸ்கிரைப்ட்பை வழியாகப் பெட்டியோடு கட்டுங்கள். செய்தி என்ன சொல்கிறது என்பதும் முக்கியம். "தவறான உள்ளீடு" எதையும் சொல்வதில்லை. "கைப்பேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது" என்றால் திருத்த முடியும்.

முன்பதிவு முடிந்ததா இல்லையா தெரியாமல் இரண்டு மூன்று முறை பதிவு செய்கிறார்களா? வெற்றிச் செய்தி திரையில் வந்து மறைகிறது, அறிவிக்கப்படவில்லை. ஸ்டேட்டஸ் என்ற ஆரியா பொறுப்புள்ள (மாற்றம் வந்தால் ஸ்கிரீன் ரீடர் தானாக வாசிக்கும்) ஒரு வெற்றுப் பெட்டியைப் பக்கம் ஏறும்போதே வைத்திருங்கள், செய்தியைப் பிறகு அதற்குள் இடுங்கள். பெட்டியையும் செய்தியையும் ஒரே நேரத்தில் செருகினால் பல ஸ்கிரீன் ரீடர்கள் பேசாமல் விட்டுவிடும். இதைத் தேடிக் கண்டுபிடிக்க அரை நாள் போகும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நேரம் முடிந்து வெளியே தள்ளப்படுவது தனி வலி. மெதுவாகத் தட்டுபவர் 5 நிமிட அமர்வில் மருத்துவ வரலாற்றை எழுதி முடிக்க முடியாது. முடிவதற்கு முன் எச்சரித்து, குறைந்தது 20 விநாடி கொடுத்து, ஒரே விசையில் நீட்டிக்க வழி தாருங்கள். குறைந்தது 10 முறையாவது நீட்டிக்க முடிய வேண்டும் என்பது விதி. அதைவிட நல்லது, எழுதியதைச் சேமித்துவைத்துத் திரும்பி வந்ததும் காட்டுவது. முதல் பக்கத்தில் கேட்ட பெயரையும் முகவரியையும் மூன்றாம் பக்கத்தில் மறுபடி கேட்காதீர்கள்.

"ஓடிபியும் கேப்சாவும் என்னை உள்ளே விடவில்லை"

ஆறு இலக்கத்துக்கு ஆறு தனிப் பெட்டிகள் வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரே பெட்டி, ஒட்டுவதற்கு அனுமதி, உலாவி தானாக நிரப்ப உதவும் ஆட்டோகம்ப்ளீட்டில் ஒருமுறைக் குறியீடு (one-time-code) என்ற மதிப்பு. குறியீட்டை மனதில் வைத்துத் திருப்பி எழுதுவது பலருக்கு இயலாத காரியம். நுழைவுக்கு நினைவாற்றல் சோதனையை மட்டுமே வழியாக வைக்கக் கூடாது என்று 2.2 சொல்கிறது.

மனிதரா இயந்திரமா என்று சோதிக்கும் கேப்சாவில் படத்தோடு ஒலி வடிவமும் தந்தால் போதும் என்று எண்ணுவார்கள். பார்வையும் செவியும் இரண்டுமே குறைந்தவர் பிரெயில் கருவியில் விரல் வைத்துப் படிக்கிறார். அவருக்கு இரண்டுமே சுவர். சர்வரில் ஒரே முகவரியிலிருந்து வரும் கோரிக்கைகளைக் கட்டுப்படுத்துவது, மனிதர்கள் நிரப்பாத மறைபெட்டி ஒன்றை வைப்பது போன்ற வழிகளை முதலில் முயலுங்கள். அந்த மறைபெட்டியை ஸ்கிரீன் ரீடரிடமிருந்தும் டேப் வரிசையிலிருந்தும் மறைக்க மறந்தால் நீங்கள் தடுப்பது மனிதர்களைத்தான்.

"பெரிதாக்கினால் பாதிப் பக்கம் காணாமல் போகிறது"

கைப்பேசியில் விரலால் பெரிதாக்கவே முடியவில்லையென்றால், பக்கம் கைப்பேசித் திரையில் எப்படிப் பொருந்த வேண்டும் என்று சொல்லும் வியூபோர்ட் வரியில் பெரிதாக்கத் தடை போட்டிருக்கிறார்கள். நீக்குங்கள். கணினியில் 400% ஆக்கும்போது 1280 பிக்சல் அகலம் 320 ஆகச் சுருங்குகிறது. அந்த அகலத்தில் உள்ளடக்கம் ஒற்றை நெடுவரிசையாக மடிய வேண்டும், ஒவ்வொரு வரிக்கும் பக்கவாட்டில் நகர்த்த வேண்டியிருக்கக் கூடாது. அகல அட்டவணைகளுக்கு விதிவிலக்கு உண்டு.

உயரத்தைப் பிக்சலில் பூட்டிய பெட்டிகளில் தமிழ் எழுத்து இன்னும் மோசமாக வெட்டுப்படும். மேலே கொக்கி, கீழே சுழி. ஆங்கிலத்துக்கு அளந்த வரியுயரம் நமக்குப் போதாது. "கி"யும் "கீ"யும் ஒன்று போலத் தெரிகிறதென்றால் வரியுயரத்தை 1.5-க்கு மேல் ஏற்றுங்கள், பெட்டியின் உயரத்தைத் தளர்த்துங்கள். தொடும் இடங்கள் குறைந்தது 24-க்கு 24 பிக்சல். "ரத்து செய்" பட்டனை "உறுதி செய்" பட்டனோடு ஒட்டிவைக்காதீர்கள்.

"எது நார்மல், எது இல்லை என்று தெரியவில்லை"

ரத்தச் சோதனை முடிவுகளில் சிவப்பு எண், பச்சை எண். நிறக்குருடு உள்ளவருக்கு இரண்டும் ஒரே பழுப்பு. "அதிகம்", "குறைவு", "வரம்புக்குள்" என்று சொல்லாகவும் எழுதுங்கள். நிறத்தை எடுக்க வேண்டியதில்லை, நிறம் மட்டும் பேசக் கூடாது என்பதுதான் விஷயம்.

மங்கலான எழுத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. வெள்ளையில் #767676 சாம்பல் இந்தக் கோட்டைச் சற்றே தாண்டும். பலருக்கும் பிடித்த #999999 தாண்டாது, 3:1-கூடத் தேறாது. உதவிக் குறிப்புகளும் "பக்க விளைவுகள்" போன்ற சிறிய வரிகளும்தான் பெரும்பாலும் அந்தச் சாம்பலில் இருக்கும்.

விண்டோஸின் உயர் மாறுபாட்டு நிறங்களை இயக்கியும் ஒரு முறை பாருங்கள். பின்னணிப் படமாகச் செருகிய குறிகள் அங்கே மறைந்துபோகலாம்.

"ரிப்போர்ட்டைத் திறந்தால் வெற்றுப் பக்கம் என்கிறது"

தாளை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கியிருக்கிறார்கள். எழுத்துணரி ஓட்டினால் வாசிக்க முடியும், ஆனால் தமிழிலும் மருத்துவ எண்களிலும் அதை அப்படியே நம்பக் கூடாது: 1.0 என்பது 10 ஆனால் பொருளே மாறுகிறது. முடிவுகள் ஏற்கெனவே தரவுத்தளத்தில் எண்களாக இருக்கின்றன. அவற்றைச் சாதாரண வலைப்பக்கமாக, தலைப்புச் செல்கள் குறித்த அட்டவணையாகக் காட்டுங்கள், பிடிஎஃப்பைத் தரவிறக்கத்துக்கு மட்டும் வையுங்கள். பிடிஎஃப்தான் வேண்டுமென்றால் எது தலைப்பு, எது பத்தி, எது அட்டவணை என்று சொல்லும் டேக் (குறி) உள்ள கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். அதற்கென்றே 2012-ல் ஐஎஸ்ஓ 14289 என்ற தரம் வந்திருக்கிறது.

வெளிநோயாளர் பிரிவு நேர அட்டவணைக்கும் இதே விதி. படமாகப் போட்ட அட்டவணை பார்வையில்லாதவருக்கு இல்லாத அட்டவணை.

"காது கேட்காது, ஆனால் தொலைபேசியில் கூப்பிடச் சொல்கிறீர்கள்"

இதற்கு நிரல் திருத்தம் கிடையாது. ரத்து செய்ய, நேரம் மாற்ற, அவசர ஆலோசனை பெற என்று எங்கெல்லாம் தொலைபேசி எண் மட்டும் இருக்கிறதோ அங்கெல்லாம் குறுஞ்செய்தியோ அரட்டையோ மின்னஞ்சலோ சேர்க்க வேண்டும், அதற்குப் பதில் சொல்ல ஆளும் வேண்டும். நிர்வாகத்திடம் போய்ப் பேச வேண்டிய வேலை. தயங்காமல் பேசுங்கள்.

காணொளிகளுக்குத் தானியங்கி வசனவரி முதல் வரைவுதான். மருந்துப் பெயரையும் அளவையும் மனிதர் ஒருவர் சரிபார்க்க வேண்டும். சைகை மொழியே தாய்மொழியாக உள்ளவர்களுக்கு எழுத்து இரண்டாம் மொழி, ஆகவே முக்கியமான அறிவுரைகளுக்குச் சைகைமொழி வடிவமும் தேவை. இன்சுலின் போடும் முறையை இசையோடு மட்டும் காட்டும் காணொளி, பார்வையற்ற நீரிழிவு நோயாளிக்கு ஒன்றுமே சொல்வதில்லை. "ஊசியைத் தோலுக்குள் செலுத்தி, பித்தானை முழுதும் அழுத்தி, 10 வரை எண்ணுங்கள்" என்று பேசும் குரல் வேண்டும்.

"எல்லாம் வாசிக்க முடிகிறது, என்ன செய்ய வேண்டும் என்றுதான் புரியவில்லை"

அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், பக்கவாதத்துக்குப் பிறகு சொற்கள் பிடிபடாதவர்கள், கடும் பதற்றத்தில் இருப்பவர்கள். "பயனாளர்கள் உரிய ஆவணங்களைச் சமர்ப்பித்தல் அவசியமாகும்" என்பதை "வரும்போது இந்த இரண்டு தாள்களைக் கொண்டுவாருங்கள்" என்று எழுதுங்கள். ஒரு பக்கத்தில் ஒரு வேலை. தலைப்புகள் தடித்த எழுத்தாக மட்டும் இல்லாமல் உண்மையான தலைப்புக் குறிகளாக இருக்கட்டும். ஸ்கிரீன் ரீடரில் எச் விசையை அழுத்தித் தலைப்பு தலைப்பாகத் தாவுபவருக்கும் அதுவே வழிகாட்டி. தானாக நகரும் படவரிசையை நிறுத்த ஒரு பட்டன் கொடுங்கள், முடிந்தால் படவரிசையையே எடுத்துவிடுங்கள்.

"சோதனைக் கருவி 100 தருகிறது, புகார் மட்டும் நிற்கவில்லை"

லைட்ஹவுஸ், ஆக்ஸ், வேவ் போன்ற கருவிகள் ஆல்ட் இருக்கிறதா என்று பார்க்கும், அதில் எழுதியது பொருந்துகிறதா என்று பார்க்காது. லேபிள் உண்டா என்று பார்க்கும், அதைப் படித்தால் புரியுமா என்பது அதன் வேலையில்லை. தினமும் ஓட்டுங்கள், வெளியீட்டுக்கு முன் கட்டாயமாக்குங்கள். அதோடு மாற்றுத்திறனாளிகளைக் கூலி கொடுத்து அழைத்து, முன்பதிவு, முடிவு பார்த்தல், ரத்து ஆகிய மூன்றையும் முழுதாகச் செய்யச் சொல்லுங்கள்.

ஒரு வரி நிரலில் தளத்தை அணுகத்தக்கதாக்குவோம் என்று விற்கப்படும் மிதக்கும் பட்டைகளை வாங்காதீர்கள். பெயரில்லாத பட்டனுக்குச் சரியான பெயரை அவற்றால் ஊகிக்க முடியாது, பயனர் ஏற்கெனவே வைத்திருக்கும் ஸ்கிரீன் ரீடரோடு மோதவும் செய்யும். அந்தப் பணத்தில் மேலே சொன்ன படிவத்தைத் திருத்தலாம்.

"போன மாதம் சரியாக இருந்தது, மறுபடி உடைந்துவிட்டது"

திருத்தம் ஒரு பக்கத்தில் நடந்திருக்கும், எல்லாப் பக்கங்களும் எடுத்துப் பயன்படுத்தும் பொதுக் கூறில் நடந்திருக்காது. பட்டன், பெட்டி, பிழைச் செய்தி, சாளரம் ஆகியவற்றைக் கூறு நூலகத்திலேயே திருத்துங்கள். உள்ளடக்கம் ஏற்றும் ஊழியருக்கு ஆல்ட் வெறுமையாக இருந்தால் "இது அலங்காரப் படமா?" என்று கேட்கும் அமைப்பைப் பதிப்புக் கருவியிலேயே வையுங்கள்.

திருத்தியதும் புகார் கொடுத்தவருக்கே எழுதி, அவருடைய கருவியில் ஓடுகிறதா என்று கேளுங்கள். இன்னும் திருத்தாதவற்றை அணுகல்தன்மைப் பக்கத்தில் வெளிப்படையாகப் போடுங்கள்: எது ஓடாது, அதுவரை வேறு எந்த வழியில் அந்தச் சேவையைப் பெறலாம், எந்தத் தேதிக்குள் சரியாகும். அந்தப் பக்கத்தில் உள்ள தொடர்புப் படிவத்தை மவுஸ் இல்லாமல், ஸ்கிரீன் ரீடரோடு, ஒரு முறை அனுப்பிப் பாருங்கள். புகாரே வருவதில்லை என்றால் அந்தப் படிவம் உடைந்திருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.